அடுப்பின் மேனிச் சூடு

உப்புத் தொழிலில் 'டிகிரி' என்றால் சூட்டைக் குறிப்பதில்லை; உப்புநீரின் அடர்த்தியையே குறிக்கும். மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளில் கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் தன் பயணத்தைத் தொடங்குகிறது. பாத்திகளில் வெயில் குடித்துக் குடித்து 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு படிகிறது. இதை அளக்கும் போமே மானியில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் உள்ள நீருக்கென்றே அதன் கோடுகள் இடப்பட்டிருக்கின்றன. நண்பகல் வெயிலில் நீர் விரிந்து இலேசாகிவிடுவதால் மானி இன்னும் சற்று ஆழமாக அமிழ்ந்து, உள்ளதைவிடக் குறைவான டிகிரியைக் காட்டுகிறது. ஆகவே நீரின் உஷ்ணத்தையும் தெரிந்துகொண்டால்தான் அந்த எண்ணுக்கு உரிய பொருள் கிடைக்கும்.

இந்தக் கரையோரத்து வீடுகளில் எரியும் விறகடுப்பின் சூட்டை அளப்பதிலும் இத்தகைய நுட்பம் மறைந்திருக்கிறது. நெருப்பின் சூட்டைப் பற்றி இங்கே பேசவில்லை. அடுப்பின் வெளிச்சுவர், அதாவது அதன் மேனி, எவ்வளவு சுடுகிறது என்பதே கேள்வி. இது வீண் ஆராய்ச்சி அன்று. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிக் கீற்றுத் தடுப்பு நிற்கிறது. தவழும் குழந்தை அருகில் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள இரும்பைச் சில விநாடிகள் தொட்டாலே தோல் வெந்துவிடும். அதே 60 டிகிரியில் உள்ள மண்சுவர் அவ்வளவு விரைவில் சுடாது. ஏனெனில் மண் தன் வெப்பத்தைக் கைக்கு மெதுவாகவே கொடுக்கிறது. கை உணர்வது உஷ்ணத்தை மட்டுமல்ல, வெப்பம் பாயும் வேகத்தையும்தான். ஆதலால் தொட்டுப் பார்த்து அளவு சொல்வது நம்பத்தக்கதாகாது. ஹைதராபாத்தின் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்ட 1953ஆம் ஆண்டிலும் சரி, இந்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கெனத் தேசியத் திட்டம் தொடங்கிய 1983ஆம் ஆண்டிலும் சரி, ஓர் அடுப்பு மற்றொன்றைவிட மேல் என்று சொல்ல அளவுதான் துணை.

எந்த உஷ்ணமானியும் தன்னுடைய சூட்டையே சொல்கிறது என்பதை மறக்கலாகாது. பாதரசக் குமிழைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு புள்ளிதான் சுவரைத் தொடுகிறது. மற்றப் பக்கமெல்லாம் காற்றில் இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டாலோ சொல்லவே வேண்டாம். 150 டிகிரிச் சுவர் அதனினும் மிகக் குறைந்ததாகத் தோன்றும். இரும்படுப்பில் காந்தத்தால் ஒட்டவைக்கும் வட்ட முக உஷ்ணமானிக்கும் இதே குறை, ஓரளவு, உண்டு.

இதைவிடச் சிறந்தது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்ற உண்மைக்கு வழிகாட்டியவர் 1821இல் ஜெர்மானியரான சீபெக். இன்று பரவலாக வழங்கும் கே வகைக் கம்பியில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் 41 பங்கு கிடைக்கிறது. ஆனால் கம்பியே வெப்பத்தைக் கடத்திச் சென்று, தான் தொடும் இடத்தைக் குளிரச் செய்கிறது. எனவே மண்ணடுப்பில் மெல்லியதாக ஒரு கோடு கீறி, இணைப்பையும் அதனை அடுத்து இரண்டு மூன்று விரற்கடைக் கம்பியையும் அதற்குள் கிடத்தி, அதே மண்ணைக் குழைத்துப் பூசி உலரவிட வேண்டும். செங்குத்தாகக் குத்திவைத்த கம்பி ஒருபோதும் முழு உண்மையைச் சொல்வதில்லை.

தொடாமலே அளக்கும் அகச்சிவப்புக் கருவி இப்போது கடைகளில் மலிந்துவிட்டது. அதனை நம்பி மோசம் போகிறவர்களும் அதிகம். அது உஷ்ணத்தை நேராக அறிவதில்லை. பொருள் வீசும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கிக் கணக்கிடுகிறது. மண், கரி, துரு இவை கதிரைத் தாராளமாக வீசும். பளபளப்பான உலோகமோ பெரிய கருமி; தன் கதிரை அடக்கிக்கொண்டு, எதிரே உள்ள பொருள்களின் கதிரையே கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. 200 டிகிரிச் சூட்டில் உள்ள மெருகிட்ட அலுமினியம் இக்கருவியில் 100ஐக்கூட எட்டாது. ஐயமிருந்தால், நீர் கொதிக்கும் அலுமினியப் பானை ஒன்றில் கரிபிடித்த பக்கத்தையும் தேய்த்து மினுக்கிய பக்கத்தையும் அளந்து பாருங்கள். உள்ளே இருப்பது ஒரே நீர். கருவி சொல்வதோ இரண்டு எண்கள். உப்புக்காற்றில் துருவேறிய பழைய இரும்படுப்பை இக்கருவி ஏறக்குறையச் சரியாக அளக்கும். புதிய எவர்சில்வர் அடுப்பிடம் ஏமாறும்! சூடு தாங்கும் மங்கிய கரும்பூச்சை ஒரு நாணயத்தைவிடப் பெரிதாகப் பூசி, அருகிலிருந்து அந்த இடத்தை அளப்பதே இதற்கு மருந்து. கருவியின் சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி; அளக்கப்படும் வட்டம் தூரத்தோடு விரிகிறது. 12க்கு 1 என்று குறித்த கருவி 12 அங்குலத் தொலைவில் ஓர் அங்குல வட்டத்தைப் பார்க்கும். ஆறடி தள்ளி நின்றால் அரை அடி வட்டத்தைப் பார்க்கும். அடுப்பு வாயின் தணலும் அதற்குள் வந்துவிடலாம்.

கருவியைச் சோதிப்பதற்கு மரக்காணம் நல்ல இடம். கடல்மட்டத்திலேயே இருப்பதால் இங்கே நீர் 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. உதகமண்டலத்தில் அது ஏறத்தாழ 93தான். உருகும் பனிக்கட்டி 0 டிகிரியைத் தருகிறது. இனி உப்பு கரையக் கரையப் போட்டு, மேலும் கரையாத நிலையில் கொதிக்கவைத்த நீர் ஏறத்தாழ 108 டிகிரிக்கு உயர்கிறது. உப்பூரில் இந்த மூன்றாம் சோதனைக்குச் செலவேது? ஒன்று மட்டும்: கொதிநீர்ச் சோதனை கம்பிக் கருவிக்கே பொருந்தும். அகச்சிவப்புக் கருவியின் கண்ணை நீராவி மறைத்துவிடும். அதற்குப் பனிக்கட்டி நீர் போதும்.

எப்போது அளப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். தீ கொழுந்துவிடும்போது பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தடித்த மண்சுவரில் வெப்பம் மெல்ல ஊர்ந்தே வெளியே வருகிறது. விறகை இழுத்து நீர் தெளித்து, சமையல் முடிந்தது என்று எல்லோரும் எழுந்த பிறகும் வெளிச்சுவரின் சூடு ஏறிக்கொண்டே இருக்கக்கூடும். எனவே தீ அவிந்த பின்னும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்து வர வேண்டும். அது தெளிவாக இறங்கத் தொடங்கும்வரை குழந்தையை அடுப்பங்கரைக்கு விடலாகாது.