ஆங்கிலக் கழகங்கள் வடக்கே பார்ப்பது ஏன்?



நோர்வேயில் வேலைத்தலங்களில் திங்கட்கிழமை காலை கோப்பி குடிக்கும் நேரத்தில் காது கொடுத்தவர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். இந்நாட்டவர்களில் பலர் தங்கள் ஊர்க் கழகத்தை விட லிவர்பூல், மன்செஸ்ரர் யுனைற்றெட், லீட்ஸ் என்று வடகடலுக்கு அப்பால் உள்ள கழகங்களைப் பற்றியே கூடுதலாகக் கதைப்பார்கள். "நாங்கள் வென்றுவிட்டோம்" என்றுதான் சொல்வார்கள், ஏதோ தாங்களும் இறங்கி விளையாடியது போல. இங்கிலாந்துக் கழகங்களும் இந்தப் பக்கத்து வீரர்களை முப்பது வருடங்களுக்கு மேலாகத் தேடி எடுத்து வருகின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். பிள்ளைகளை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு திரியும் பெற்றோருக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள் இருக்கின்றன.

வடநாட்டு வீரர்களை ஆங்கிலேயர் விரும்புவது அவர்களுடைய உயரத்துக்கும் உடற்பலத்துக்கும் குளிர் தாங்கும் குணத்துக்கும்தான் என்று பலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைத் தேடினால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் போய் முடியும்.

1969ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வொல்வர்ஹாம்ப்டனும் சண்டர்லாண்டும் மோதிய ஆட்டத்தோடு, சனிக்கிழமை பின்னேரங்களில் ஆங்கில லீக் ஆட்டங்களை நேரடியாகக் காட்டும் வழக்கம் ஸ்கண்டிநேவியாவில் தொடங்கியது. சுவீடனில் அதற்கு 'திப்ஸ் எக்ஸ்ட்ரா' என்றும் நோர்வேயில் 'திப்பெகம்பன்' என்றும் பெயர். 'திப்பிங்' என்பது இந்த ஆட்ட முடிவுகளை ஊகித்துப் பந்தயம் கட்டும் சீட்டு. இங்கு மாரிகாலத்தில் மைதானங்கள் பனியால் மூடிவிடும், உள்ளூர் ஆட்டம் இல்லை. பந்தயச் சீட்டுக்கு ஆட்டம் வேண்டும், தொலைக்காட்சிக்கும் நிகழ்ச்சி வேண்டும். இங்கிலாந்தில் அப்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும் காலம். ஆக இரண்டு தேவையும் ஒன்றாகத் தீர்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், 1960இல் நடந்த ஒரு சிறு முயற்சியைத் தவிர, இங்கிலாந்து மக்களே தங்கள் லீக் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்க்க 1983 வரை காத்திருந்தார்கள். மைதானத்துக்கு ஆட்கள் வராமல் விடுவார்கள் என்ற பயம். இன்றைக்கும் இலண்டனில் இருக்கும் உங்கள் மச்சான் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை வீட்டிலிருந்து நேரடியாகப் பார்க்க வழியில்லை. நீங்கள் இங்கே இருந்து பார்க்கலாம்!

இப்படி ஒரு தலைமுறை முழுவதும் ஆங்கில ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்தது. எந்தக் கழகம் எந்த நகரம், எந்த மைதானத்தில் சனம் எப்படிச் சத்தம் போடும் என்பதெல்லாம் சிறுவர்களுக்கு மனப்பாடம். மொழியும் அப்படித்தான். இங்கு ஆங்கிலப் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை, எழுத்துத்தான் கீழே ஓடும். பதினாறு வயதில் ஒரு பெடியன் ஆங்கிலத்தில் சரளமாகக் கதைப்பான். ஆங்கிலப் பயிற்றுநர் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1984இல் லிவர்பூலுக்குப் போன டென்மார்க் வீரர் யான் மோல்பி அந்த ஊர்த் தொனியிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டார். இன்றும் அவர் கதைத்தால் அந்த ஊரில் பிறந்தவர் என்றே நினைப்பார்கள்.

முன்னோடிகள் அதற்கும் பழையவர்கள். நில்ஸ் மிடல்போ என்ற டென்மார்க் வங்கி ஊழியர் 1913இல் செல்சீக்குச் சம்பளம் வாங்காமல் விளையாடப் போனார். 1951இல் படிக்க வந்த சுவீடன்காரர் ஹான்ஸ் யெப்சன் சார்ல்ரன் கழகத்துக்கு 11 ஆட்டங்களில் 9 கோல் அடித்து அதைக் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் காப்பாற்றினார். ஆனால் இவர்கள் தனித்தனி ஆட்கள். ஆங்கிலக் கழகங்கள் வெளிநாட்டு வீரர்களைத் தாராளமாக எடுக்க 1978 வரை விதி இடம் கொடுக்கவில்லை.

தொலைக்காட்சிக்கு அடுத்ததாகச் சொல்ல வேண்டியது ஆட்ட முறை. 1974இல் பொப் ஹோட்டன் என்ற இளம் ஆங்கிலப் பயிற்றுநர் சுவீடனின் மல்மோ கழகத்துக்கு வந்தார். இரண்டு வருடங்களில் அவருடைய நண்பர் றோய் ஹொட்ஜ்சன் ஹல்ம்ஸ்ராட் கழகத்தைப் பொறுப்பேற்றார். எதிரி வீரனை ஆளுக்கு ஆள் துரத்தாமல், ஒவ்வொருவரும் தனக்குரிய பகுதியைக் காப்பது, நான்கு பேர் பின்னால், நான்கு பேர் நடுவில், இரண்டு பேர் முன்னால் என்று வரிசை குலையாமல் நகர்வது, இதுதான் அவர்கள் கொண்டுவந்த பாடம். முந்திய வருடம் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் மயிரிழையில் தப்பிய ஹல்ம்ஸ்ராட் 1976இல் சுவீடன் சாம்பியன். மல்மோ 1979இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை போய் நொட்டிங்ஹாம் பொறெஸ்ற் கழகத்திடம் 1-0 எனத் தோற்றது. இந்தப் பாடத்தைப் படித்தவர்களில் ஒருவர் ஸ்வென் யோரான் எரிக்சன். 1982இல் கோத்தன்பேர்க் கழகத்துக்கு யூஈஎஃப்ஏ கிண்ணத்தை வென்று கொடுத்த அவர், 2001இல் இங்கிலாந்து தேசிய அணியின் முதலாவது வெளிநாட்டுப் பயிற்றுநர் ஆனார். கொடுத்த பாடம் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்தது.

நோர்வேயில் ஏகில் ஊல்சன், எல்லோரும் 'டிரில்லோ' என்று அழைப்பவர், ஆட்டத்தை எண்ணிக் கணக்குப் போட்டு, வேகமாக முன்னால் பந்தை அனுப்பும் அணியொன்றை உருவாக்கினார். பார்க்க அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது பிடித்த ஆட்டமல்ல. ஆனால் 1993 யூன் மாதம் ஒஸ்லோவில் இங்கிலாந்தை 2-0 என வென்றபோது ஆங்கிலக் கழகங்களின் கண் இங்கே திரும்பியது. தங்கள் முறையையே தங்களை விட ஒழுங்காக ஆடும் பெடியன்கள், அதுவும் மலிவான விலையில்!

விலையைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். 1992 ஓகஸ்ட் மாதம் பிரீமியர் லீக் தொடங்கிய முதல் சுற்றில் பிரித்தானியா, அயர்லாந்துக்கு வெளியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் வெறும் 13 பேர். அவர்களில் ஐந்து பேர் ஸ்கண்டிநேவியர்: ஸ்மைக்கல், ஜென்சன், லிம்பார், நில்சன், ஹல்லே. கோல் காப்பாளர் பீற்றர் ஸ்மைக்கலை 1991இல் மன்செஸ்ரர் யுனைற்றெட் வாங்கியது ஐந்து இலட்சம் பவுண் சொச்சத்துக்கு. அவர் ஐந்து முறை லீக் சாம்பியன் ஆனார். நூற்றாண்டின் மலிவுக் கொள்வனவு என்று பயிற்றுநர் அலெக்ஸ் பேர்குசன் பின்னாளில் சொன்னார்.

எல்லாக் கொள்வனவும் அப்படி அமையவில்லை. யூகோசிலாவியா போர் காரணமாக விலக்கப்பட, கடைசி நேரத்தில் அந்த இடத்துக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் 1992இல் ஐரோப்பியச் சாம்பியன் ஆனது அல்லவா? அந்த இறுதியாட்டத்தில் ஜேர்மனிக்கு எதிராகத் தூரத்திலிருந்து கோல் அடித்த ஜோன் ஜென்சனை ஆர்சனல் உடனே வாங்கியது. அவர் ஆர்சனலுக்கு அடித்த ஒரேயொரு கோல் 1994 டிசம்பர் 31இல், தனது 98ஆவது ஆட்டத்தில் வந்தது. அந்த ஆட்டத்திலும் ஆர்சனல் தோற்றது. "ஜென்சன் கோல் அடித்தபோது நான் அங்கிருந்தேன்" என்று ரீசேட் அடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள் இரசிகர்கள்.

சட்டமும் இந்த நாட்டவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. டென்மார்க் 1973 முதல் ஐரோப்பிய சமூகத்தில் இருந்தது. 1994இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள் நோர்வே வந்தது. 1995இல் சுவீடன் ஒன்றியத்தில் சேர்ந்தது. இவர்களுக்கு அப்போது இங்கிலாந்தில் வேலை அனுமதிப் பத்திரம் தேவைப்படவில்லை. 1995 டிசம்பரில் வந்த பொஸ்மன் தீர்ப்பு, ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டையும் நீக்கியது. ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றிப் போகலாம் என்றும் ஆனது. அனுமதிப் பத்திரத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பதை அறிந்த எங்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

1996 யூலைக் கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கிழமையில் இரண்டு முன்கள வீரர்கள் கழகம் மாறினார்கள். அலன் ஷியறரை நியூகாசில் 1 கோடியே 50 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. அவரைப் பெற முயன்று தவறவிட்ட மன்செஸ்ரர் யுனைற்றெட், மோல்ட கழகத்திலிருந்து குழந்தை முகம் கொண்ட ஓலே குன்னார் சூல்ஷேர் என்பவரை 15 இலட்சத்துக்குக் கொண்டுவந்தது. பத்தில் ஒரு பங்கு விலை. முதல் பருவத்திலேயே லீக்கில் 18 கோல். 1999 மே 26இல் பார்சலோனாவில் பயேர்ன் மியூனிக்குக்கு எதிரான இறுதியாட்டத்தில், மேலதிக நிமிடங்களில் வெற்றிக் கோலைத் தட்டிவிட்டவரும் அவரே. அதற்குப் பிறகு நோர்வேயில் சிறுவர் எவரும் 20ஆம் இலக்கச் சட்டையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

பருவகாலத்தின் உதவியும் சிறிதல்ல. நோர்வே, சுவீடன் லீக்குகள் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் அளவில் முடியும். தை மாதத்தில் ஆங்கிலக் கழகம் ஆள் தேடும்போது இங்குள்ள வீரர் ஓய்வில் இருப்பார். 2007இல் ஹெல்சிங்போர்க் கழகத்தின் ஹென்றிக் லார்சன், அந்த ஓய்வுக் காலத்தில் மட்டும் மன்செஸ்ரர் யுனைற்றெட்டுக்கு இரவலாகப் போய் விளையாடிவிட்டுத் தன் ஊர்ப் பருவம் தொடங்க முன் திரும்பி வந்தார்.

இந்த மலிவுக் காலம் இப்போது போய்விட்டது. உலகம் முழுவதும் ஆள் தேடும் அளவுக்கு ஆங்கிலக் கழகங்களிடம் காசு சேர்ந்ததும், வடக்கே நேரடியாக வந்து வாங்கும் பழக்கம் குறைந்தது. ஒஸ்திரியா, ஜேர்மனி, இத்தாலிக் கழகங்கள் முதலில் வாங்கி, வளர்த்து, பிறகு இங்கிலாந்துக்கு விற்கின்றன. 2022 தொடக்கத்தில் கொப்பன்ஹேகன் கழகம் றஸ்முஸ் ஹொய்லுண்டை ஏறத்தாழ 20 இலட்சம் யூரோவுக்கு ஒஸ்திரியாவுக்கு விற்றது. அடுத்த வருடம் மன்செஸ்ரர் யுனைற்றெட் இத்தாலியிலிருந்து அவரை வாங்கியபோது கொடுத்தது 6 கோடி பவுணுக்கு மேல். விக்ரர் யொக்கெரஸ் என்ற சுவீடன் வீரரின் கதை இன்னும் மோசம். பிறைற்றன் கழகம் அவரைக் கையிலேயே வைத்திருந்தும் ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்திலும் இறக்காமல் 2021இல் சிறு தொகைக்கு விட்டது. 2025இல் ஆர்சனல் 5 கோடி பவுணுக்கு மேல் கொடுத்து அவரைப் போர்த்துக்கலிலிருந்து எடுத்தது. அதே வருடம் லிவர்பூல் 12 கோடியே 50 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கிய அலெக்சாண்டர் இசாக், எரித்திரியாவிலிருந்து சுவீடனுக்கு வந்த பெற்றோரின் பிள்ளை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். ஜோஷுவா கிங் என்ற வீரரை அறிந்திருப்பீர்கள். தகப்பன் காம்பியா நாட்டவர். வளர்ந்தது ஒஸ்லோவின் றொம்சோஸ் பகுதியில், எம்மவர் பலர் வாழும் குறூருட்டாலன் பள்ளத்தாக்கில். பதினாறு வயதில் மன்செஸ்ரர் யுனைற்றெட்டின் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே முதல் அணியில் நிலைக்கவில்லை. பிறகு போர்ன்மத் கழகத்துக்கு 2016-17 பருவத்தில் 16 லீக் கோல் அடித்தார்.

அந்த வழி இன்று மூடியிருக்கிறது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2021 தொடக்கத்திலிருந்து ஆங்கிலக் கழகங்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களை வெளிநாட்டிலிருந்து எடுக்க முடியாது. 18 தாண்டியவருக்கும் தேசிய அணி, லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள் என்று புள்ளி போட்டுத்தான் பெரும்பாலும் அனுமதி. "இலண்டனில் மாமா இருக்கிறார், பிள்ளையை அவர் வீட்டில் விட்டுப் பெரிய கழகத்தில் சேர்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பெற்றோரே, உதைபந்தாட்டம் அல்லாத வேறு காரணத்துக்காக அங்கு குடிபெயர்ந்தால் கதை வேறு. மாமா வீடு அந்தக் கணக்கில் வராது. முகவர் என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் ஃபிஃபாவின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அவசரப்படத் தேவையும் இல்லை என்பதே என் எண்ணம். இங்கிலாந்தில் எட்டு, ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைக் கழகங்கள் பதிவு செய்கின்றன, அவர்களில் மிகப் பெரும்பாலானோரைப் பிறகு விட்டுவிடுகின்றன. நோர்வேயில் 1987இல் கொண்டுவந்த சிறுவர் விளையாட்டு விதிகள் வேறு மாதிரி. பதினொரு வயதுக்கு முன் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. பதின்மூன்றுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. "இதென்ன, வென்றவனையும் தோற்றவனையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்" என்று எங்கள் பெற்றோர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த ப்றீன என்ற சிறு பட்டினத்தில், ஏறத்தாழ நாற்பது பிள்ளைகளை எவரையும் கழிக்காமல் பல வருடங்கள் ஒன்றாகவே பழக்கினார்கள். மாரியில் விளையாட ஒரு மூடிய மண்டபமும் இருந்தது. தகப்பன் அல்ஃபி ஆடிய கழகத்தின் நகரான லீட்ஸில், 2000இல், பிறந்த ஹாலண்ட் 2022இல் மன்செஸ்ரர் சிற்றிக்குப் போய் முதல் பருவத்திலேயே 36 லீக் கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் அதற்கு முன் எவரும் ஒரு பருவத்தில் அத்தனை அடித்ததில்லை.

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். செல்சீ மகளிர் அணிக்குச் சுவீடனின் மக்டலேனா எரிக்சன் தலைவியாக இருந்தார். டென்மார்க்கின் பெர்னில ஹார்டர், நோர்வேயின் குறூ றைத்தன் இருவரும் அதே அணியில் ஆடினார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் அவசியம் அறிய வேண்டிய பெயர் நாடியா நடிம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்தவர். தகப்பனைத் தலிபான்கள் கொன்ற பின் தாயோடும் சகோதரிகளோடும் தப்பி டென்மார்க்கில் அகதியானார். முகாமுக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்தில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துத்தான் ஒரு கழகத்தில் விளையாடும் ஆசை வந்தது. டென்மார்க் தேசிய அணிக்கு நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 2018 தை மாதம் மன்செஸ்ரர் சிற்றி அவரை எடுத்தது. விளையாடிக்கொண்டே மருத்துவமும் படித்தவர், 2022இல் வைத்தியராகத் தேறினார்.