வீட்டுக் காவலனுக்குக் காவல் யார்?

ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா. இந்நாள்களில் சிங்காரப்பேட்டையிலிருந்தும், ஜவ்வாது மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்தும் குடும்பத்தோடு திருப்பயணம் புறப்படுவோர் உண்டு. ஆடு மாடுகளை உறவினரிடம் ஒப்படைக்கிறோம். கோழிகளைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கின்றனர். ஆனால் நாய்? "அது எங்கேயாவது தின்று பிழைத்துக்கொள்ளும்" என்ற ஒரே சொல்லில் அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிக் குடிபெயர்வோர் வீடுகளிலும் இதே நிலைதான்.

உண்மையில் அது பிழைத்துக்கொள்கிறதா? ஆண்டெல்லாம் ஒரே கையால் களியும் மோரும் உண்டு பழகிய பிராணி, பசி பொறுக்காமல் தெருவுக்கு வருகிறது. அயலார் கோழியைப் பிடிக்கிறது. தெருநாய்களோடு சண்டையிட்டுக் கடிபடுகிறது. வெறிநோய் பரவும் வழி இதுவே. மனிதரிடம் அந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே கைவிடப்பட்ட நாய் நம் வீட்டுக் கவலை மட்டுமன்று. பள்ளிக்கு நடந்து செல்லும் அடுத்த வீட்டுக் குழந்தையின் உயிரும் அதில் அடங்கியுள்ளது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

தோபித்து நூலில், இளைஞர் தோபியா வானதூதர் இரபேலுடன் பயணம் புறப்பட்டபோது நாயும் பின்சென்றதாக வாசிக்கிறோம். நம் பயணங்களில் அது இயலாது. எனினும் பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை. பிராணிகளிடம் பரிவு காட்டுவது மனிதரின் கடமை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மனிதருக்கே உரிய அன்பை அவற்றின்மேல் செலுத்தலாகாது என்றும், மனிதரின் துயர் துடைக்கவேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடலாகாது என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் வழி நம் ஊரிலேயே உண்டு. வேலையின்றி இருக்கும் ஒரு கைம்பெண்ணிடமோ முதியவரிடமோ இப்பணியை ஒப்படைத்து, நியாயமான கூலி கொடுப்போமாக. நாய்க்குச் சோறு, ஏழைக்கு ஊதியம்.

நம்பிக்கைக்குரியவரை எவ்வாறு அறிவது? தம் வீட்டு ஆடு மாடுகளுக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டுகிறவரா என்று பாருங்கள். குடிப்பழக்கம் உள்ளவரிடமும், சிறுவரிடம் தனியாகவும் விடவேண்டாம். வீட்டுச் சாவியைக் கொடுக்கத் தயங்கும் ஒருவரிடம் நாயையும் ஒப்படைக்கலாகாது. புறப்படுமுன் நான்கைந்து நாள் அவரே வந்து தம் கையால் உணவிடட்டும். நாய் அவரைக் கண்டு வாலாட்டுகிறதா, ஒதுங்குகிறதா என்பது பாதி விடை சொல்லிவிடும். நாயை அயல் வீட்டில் கட்டினால் அறுத்துக்கொண்டு பழைய வாசலுக்கே ஓடிவரும்; ஆதலால் அவர் நம் வீட்டுக்கு வருவதே நலம். கேழ்வரகு மாவு, அரிசி, அதன் வழக்கமான உணவு வேளை, நம் தொலைபேசி எண் ஆகியவற்றை விட்டுச் செல்லுங்கள். வேகவைத்த கோழியெலும்பு தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அந்தச் சீட்டையும் ஒப்படையுங்கள். 1885இல் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்து காப்பாற்றினார். 1907இல் அவர் பெயரால் குன்னூரில் ஆய்வு நிலையம் எழுந்தது. இத்தனைக்குப் பின்னும் கடிவாயில் மஞ்சளும் மிளகாயும் அப்புவது தகாது. கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. சொல்லப்படும் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கவேண்டும்.

அன்பியக் கூட்டங்களில் இதனைப் பேசி முறை வகுத்துக்கொள்ளலாம்: இவ்வாண்டு வேளாங்கண்ணிக்குச் செல்வோரின் வீடுகளை ஊரில் தங்குவோர் பார்த்துக்கொள்ளட்டும், கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் அவர்கள் செல்லும்போது இவர்கள் கைம்மாறு செய்யட்டும். இரவெல்லாம் நம் வாசலில் விழித்துக் கிடக்கும் உயிருக்கு ஒரு கவளம் சோற்றையும் ஒரு சட்டித் தண்ணீரையும் உறுதி செய்தபின், அன்னையின் திருத்தலம் நோக்கி மன அமைதியோடு புறப்படுவோமாக.