மோட்டார் ஓடினால் மட்டும் போதுமா? பம்புசெட் அறையில் உயிர் காக்கும் எர்த்

கிணற்று மேட்டிலோ, போர்வெல் பக்கத்திலோ உள்ள மோட்டார் அறையில் சின்னச் சின்ன மின்வேலைகளை விவசாயிகளே செய்துகொள்வது வழக்கம். பியூஸ் போனால் மாற்றுவது, அறுந்த கேபிளை முறுக்கி டேப் சுற்றுவது, ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று எல்லாவற்றுக்கும் ஒயர்மேனை எதிர்பார்க்க முடிவதில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் கொஞ்சம். அதற்குள் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் பயிர் வாடும். அவசரத்தில் கையில் கிடைத்ததை வைத்து வேலை முடிகிறது. மோட்டாரும் ஓடிவிடுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் ஓடுவது வேறு, ஒயரிங் சரியாக இருப்பது வேறு. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் மோட்டார் ஓடும். பியூஸில் தடித்த செம்புக் கம்பி போட்டிருந்தாலும் ஓடும். குறை இருப்பதே வெளியில் தெரியாது. மழை பெய்து தரை ஈரமான ஒரு நாளில், யாராவது ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடும்போதுதான் தெரியவரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மோட்டார் அறையை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவது நல்லது.

பியூஸ் யாரைக் காக்கும்?

'பியூஸ் இருக்கிறது, ஆபத்து என்றால் அது போய்விடும்' என்று பலர் நம்புகிறார்கள். பியூஸ் காப்பது ஒயரையும் மோட்டாரையும்தான், மனிதரை அல்ல. 5 எச்.பி. மும்முனை மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு பேஸிலும் சுமார் 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்குவதற்காக 20 அல்லது 25 ஆம்பியர் பியூஸ் போடுகிறோம். ஆனால் மனித உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல், அதாவது ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 30 பங்குக்கு மேல், சற்று நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவு மின்சாரத்தைப் பியூஸ் உணரவே உணராது.

பியூஸ் கட்டையில் கேபிள் இழைகளை முறுக்கிப் போடுவது இதைவிட மோசம். அப்போது பியூஸ் ஒயரைக்கூடக் காக்காது. உரிய அளவு பியூஸ் கம்பியை ஒரு சுருள் வாங்கி மோட்டார் அறையிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தவறுக்கே வேலையில்லை.

எர்த் குழி காய்ந்தால் என்ன ஆகும்?

மின்கசிவு வந்தால் அது தரைக்குள் எளிதாக இறங்க வழி வேண்டும். அதற்குத்தான் எர்த். வழக்கமாக 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாயைக் குழியில் நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி மூடுவார்கள். குழி ஈரமாக இருக்கும் வரைதான் அது வேலை செய்யும்.

ஒரு சின்னக் கணக்கு. கோடையில் குழி காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேஸ் கம்பி ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டியில் உரசுகிறது. 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 25 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. எர்த் கம்பி இருக்கிறது, பியூஸும் இருக்கிறது, ஆனாலும் பெட்டியில் ஏறக்குறைய முழு மின்னழுத்தமும் நின்றுகொண்டிருக்கும். தொட்டவருக்கு 'சுர்' என்று அடிப்பது இதனால்தான். 'லேசாகத்தான் அடிக்கிறது' என்று விட்டுவிடக் கூடாது. காய்ந்த செருப்போடு தொட்டபோது லேசாக அடித்த அதே பெட்டி, வெறுங்காலோடு சேற்றில் நின்று தொட்டால் ஆளையே எடுத்துவிடும்.

எனவே கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயில் எர்த் கம்பி பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தால் சுரண்டி, இறுக்க வேண்டும். மும்முனை மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்புகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும்.

அந்தக் காலத்தில் இரும்புக் கேசிங், இரும்பு டெலிவரி குழாய் இருந்ததால் அவையே ஓரளவு எர்த்தாகப் பயன்பட்டன. இப்போது கேசிங்கும் பிளாஸ்டிக், குழாயும் பிளாஸ்டிக். பழைய பழக்கத்தில் எர்த் கம்பியைக் குழாயில் சுற்றி விட்டால் ஒரு பயனும் இல்லை.

இன்னும் இரண்டு தவறுகள் பரவலாக உள்ளன. ஒன்று, எர்த் குழி தோண்டாமல் நியூட்ரல் கம்பியைப் பெட்டியோடு இணைப்பது. அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், பெட்டி முழுவதும் மின்சாரம் வந்துவிடும். இரண்டாவது, நியூட்ரல் இல்லை என்று ஒரு பேஸையும் எர்த்தையும் வைத்து பல்ப் எரிப்பது. எர்த் கம்பி கழன்றால், கழன்ற முனையிலேயே பல்ப் வழியாக வந்த மின்சாரம் காத்திருக்கும்.

ஆட்களைக் காக்கும் கருவி

மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கடைகளில் இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. என்று கேட்டு வாங்கலாம். ஆட்களைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும். மும்முனை இணைப்புக்கு நான்கு போல் உள்ளதாக இருக்க வேண்டும். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் கருவி பழுது.

இந்தக் கருவி அடிக்கடி விழுந்தால், அதைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுப்பது பலர் செய்யும் காரியம். அடிக்கடி விழுகிறது என்றால் கேபிள் கூட்டிலோ மோட்டார் காயிலிலோ கசிவு இருக்கிறது என்றே பொருள். ஒயர்மேனை அழைத்து மெக்கர் வைத்துப் பார்த்தால் கசிவு எங்கே என்பது தெரிந்துவிடும். எர்த் சரியாக இருந்து, இந்தக் கருவியும் இருந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

கேபிளும் கூட்டும்

மோட்டார் தூரத்தில் இருந்தால் கேபிளின் தடிமன் முக்கியம். 5 எச்.பி. மோட்டாருக்கு 150 மீட்டர் தூரம் 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் இழுத்தால் வழியிலேயே சுமார் 13 வோல்ட் குறையும். 4 சதுர மி.மீ. என்றால் சுமார் 8 வோல்ட்தான் குறையும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக வரும் ஊர்களில் இந்த வித்தியாசமே மோட்டார் சூடாகாமல் காக்கும்.

கேபிள் கூட்டுகளில் வெறும் டேப் சுற்றி வரப்பில் போடுவது ஆபத்து. ஈரம் உள்ளே போகாத வகையில் சூடு காட்டிச் சுருக்கும் உறை போட வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கினால் நாளடைவில் அரித்து, சூடாகி, கருகும். அதற்கென்று உள்ள கனெக்டர் பயன்படுத்த வேண்டும். வயலில் போகும் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டியும் கலப்பையும் எட்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

இரண்டு பேஸில் ஓட்டலாமா?

ஒரு பேஸ் இல்லாத நேரத்தில் கன்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவதும், அதற்காகச் சிங்கிள் பேஸ் பிரிவென்டரைக் கழற்றி வைப்பதும் கூடாது. ஒரு பேஸ் போனால் மீதிப் பேஸ்கள் அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் எரியும். டிரான்ஸ்பார்மரிலும் சுமை ஒரு பக்கமாக ஏறும். அன்று ஒரு தண்ணீர் பாய்ச்சியதில் கிடைத்த லாபம், காயில் கட்டும் செலவில் போய்விடும்.

கை வைக்கும் முன்

எந்த வேலையானாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டை உங்களிடம் இருந்தால் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. ஸ்டார்ட்டரை ஆட்டோவில் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மின்சாரம் போயிருக்கிறது என்று கை வைத்தால், அது வந்த நொடியே மோட்டார் தானாக ஓடும். செல்போன் ஸ்டார்ட்டருக்கும் இது பொருந்தும். அணைத்த பிறகும் மூன்று பேஸிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த பலகை மேல் செருப்புப் போட்டு நின்று, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பியூஸ் மாற்றுவது, போல்ட் இறுக்குவது, எர்த் குழிக்குத் தண்ணீர் விடுவது ஆகியவற்றை விவசாயியே செய்யலாம். புது ஒயரிங், எர்த் குழி அமைப்பது, பெட்டிக்குள் இணைப்பு மாற்றுவது ஆகியவற்றை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விட வேண்டும். கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் ஏறி நாமே பியூஸ் போடுவது எந்த அவசரத்திலும் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 நாள் முழுவதும் இயங்குகிறது. பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து மோட்டார் அறையிலிருந்து வேலிக்கு மின்சாரம் எடுப்பது சட்டப்படி குற்றம். அதில் பக்கத்து வயல்காரரும் சொந்த வீட்டுப் பிள்ளைகளும் பலியாகலாம்.

யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளிவிட வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால், வண்டி வரும் வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை வீட்டில் உள்ள எல்லோரும், இரவுப் பாய்ச்சலுக்குப் போகும் வேலையாட்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.