மருந்துக்கு அஞ்சாத புழுக்கள்

நேயர்களே, செம்மறியாட்டின் நான்காவது இரைப்பையிலே குடியிருந்து குருதியை உறிஞ்சி வாழும் புழு ஒன்றுண்டு. நீளம் ஏறக்குறைய ஓரங்குலம். குருதி நிறைந்த அதன் சிவந்த குடலும், வெண்ணிறமான கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக் கிடப்பதால், இருநிற நூலை முறுக்கியது போலத் தோன்றும். மேனாட்டு நாவிதர் தம் கடை வாசலில் நாட்டும் வரிக்கம்பத்தின் பெயரையே ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டைகள் வரையும், சிலவேளை அதற்கு மேலும் இடவல்லது. அம்முட்டைகள் புழுக்கையோடு நிலத்தில் விழுந்து பொரிக்க, வெளிப்படும் குடம்பிகள் புல்லில் ஏறி, மேயவரும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன. புழு மிகுந்த ஆடு குருதி குன்றி, தாடையின் கீழே நீர்கோத்து வீங்கி, ஈற்றில் மடிகின்றது.

1961 ஆம் ஆண்டில் தயபென்டசோல் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தபோது, மந்தை வளர்ப்போர் இத்துன்பம் ஒழிந்ததென்றே மகிழ்ந்தனர். 1964 இலேயே, அம்மருந்துக்கு மடியாத புழுக்கள் அமெரிக்காவில் அறியப்பட்டன. பின்னர் யப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்ரின் பிறந்தது. அதனைக் கண்டறிந்த ஒமுரா, காம்பெல் ஆகிய இருவரும் 2015 இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் 1981 இல் கால்நடைகளுக்கு வழங்கத் தொடங்கிய அம்மருந்தையும், பத்தாண்டு நிறையுமுன்னரே தென்னாபிரிக்கச் செம்மறிகளின் புழுக்கள் வென்றுவிட்டன. 2009 இல் நியூசிலாந்தில் அறிமுகமான மொனெபன்ரெல் என்ற புதுமருந்துக்கும், 2013 இல் அந்நாட்டிலேயே மசியாத குடற்புழுக்கள் காணப்பட்டன.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? புழு மருந்தை உண்டு பழகிவிட்டது என்று பலர் எண்ணுவர். அது பொருந்தாது. கோடிக்கணக்கான புழுக்களுள்ளே, மருந்து வருமுன்னரே, பிறப்பால் வேறுபட்ட சில இருக்கக்கூடும். தயபென்டசோல் இனத்து மருந்துகள் புழுவின் உடலிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டே அதனைக் கொல்கின்றன. அப்புரதத்தின் 200 ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தாற் போதும், மருந்தின் பிடி நழுவிவிடும். மற்றவை மடிய, இவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன.

இங்கே விந்தையான செய்தியொன்றைக் கூறல் வேண்டும். மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்தூட்டி, உடனே புழுவற்ற புதுப்புல்வெளிக்கு ஓட்டிச்செல்லுதல் சிறந்த முறையென அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் நெடுங்காலம் போதிக்கப்பட்டது. கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான முறை! ஆனால் அப்புதிய நிலத்தில் விழும் முட்டைகள் யாவும், மருந்துக்குத் தப்பிய புழுக்கள் இட்டவையே. அவற்றோடு கலந்து அவற்றின் தொகையை மட்டுப்படுத்த வேறு புழு அங்கில்லை. துப்புரவு செய்வதாக நினைத்து, வலிய புழுவுக்குத் தனியரசு அமைத்துக் கொடுத்தார்கள்.

ஆதலால், மருந்தைக் காணாத புழுக்கள் சிலவற்றை வேண்டுமென்றே உயிரோடு விட்டுவைக்குமாறு இன்றைய அறிஞர் கூறுகின்றனர். இதற்கு அவர்கள் வழங்கும் சொல்லை ‘அடைக்கலம்’ எனத் தமிழாக்கலாம். பகைவனுக்கு அடைக்கலமா என்று நேயர்கள் நகைத்தல் கூடும். அவை மருந்தால் மடியக்கூடிய இனத்தவை. தப்பிய புழுக்களோடு கலந்து இனம் பெருக்கும்போது, மருந்து பலிக்கும் இயல்பு மந்தையில் நீடிக்கின்றது.

எந்த ஆட்டை மருந்தின்றி விடுவது? மந்தையிலுள்ள புழுக்களிற் பெரும்பகுதி சில ஆடுகளிலேயே குடிகொண்டிருக்கும் என்பது வசதியாயிற்று. தென்னாபிரிக்கர் ஆட்டின் கீழிமையைத் திறந்து, உட்புறத்து நிறத்தை ஓர் அட்டையில் அச்சிட்ட 5 நிறங்களோடு ஒப்பிடும் முறையை வகுத்தனர். செந்நிறமாயின் மருந்து வேண்டாம். வெளிறியிருப்பின் உடனே கொடுக்க வேண்டும். எழுத்தறியாத மேய்ப்பனும் இதனைச் செய்யலாம் என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பென்பேன்.

குருதி உறிஞ்சாத ஏனைய குடற்புழுக்களை இமை காட்டாது. அவற்றுக்குப் புழுக்கையிலுள்ள முட்டைகளை உருப்பெருக்கியால் எண்ணுதல் வேண்டும். மருந்தூட்டுமுன் ஒருமுறையும், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுமுறையும் எண்ணிப் பார்ப்பர். முட்டைத் தொகை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாயினும் குறையாவிடின், அம்மந்தையில் அம்மருந்து வலுவிழந்து வருகின்றதென ஐயுற்று, வேறினத்து மருந்தை நாடுவர்.