கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்ளாதது ஏன்?

கணைய அழற்சிக்காகச் சிகிச்சை பெறுவோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இறைச்சியையும் பருப்பையும் செரிக்கும் நொதிகளைக் கணையமே சுரக்கிறது. அக்கணையமும் புரதத்தால் ஆனதுதான். அவ்வாறிருக்க, அது ஏன் கரைந்துபோவதில்லை?

கணையம் அந்நொதிகளைச் செயலற்ற முன்வடிவங்களாகவே ஆக்குகிறது என்பதே விடை. அவற்றுள் ஒன்று கைமோட்ரிப்சினோஜன். மாட்டின் கணையத்தில் கிடைப்பது 245 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. சிறுகுடலை அடைந்ததும் டிரிப்சின் என்னும் நொதி அதனை 15, 16-ஆவது அமினோ அமிலங்களுக்கிடையே வெட்டுகிறது. அவ்வொரு வெட்டால் அது புரதம் செரிக்கும் ஆற்றல் பெறுகிறது. டிரிப்சினும் டிரிப்சினோஜனாகவே குடலுக்கு வந்து, குடற்சுவரின் நொதியொன்றால் விழிப்படைகிறது.

1930-களில் அமெரிக்க அறிவியலாளர்கள் மோசஸ் குனிட்ஸ், ஜான் நார்த்ராப் ஆகியோர் கைமோட்ரிப்சினோஜனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். அன்றுமுதல் அது ஆய்வகங்களிலும் பயன்படுகிறது. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்க, நுண்துளைகள் கொண்ட மணிகள் நிரப்பிய குழாயில் கரைசலைச் செலுத்துவர். பெரிய புரதங்கள் துளைகளுள் புகாமல் முதலில் வெளியேறும். சிறியவை உள்ளே நுழைந்து தாமதமாக வரும். எடை அறியாத புரதத்தை மதிப்பிட, எடை அறிந்த சில புரதங்களை ஒப்பளவாக ஓடவிட வேண்டும். ஏறத்தாழ 25,000 டால்டன் எடையுள்ள கைமோட்ரிப்சினோஜன், அங்காடித் தராசின் எடைக்கல்லைப் போல அப்பணியைச் செய்கிறது. ஆராய்ச்சிக்குரிய இம்முறையை, உங்கள் இரத்தத்தில் நாங்கள் பார்க்கும் அமிலேஸ், லிப்பேஸ் பரிசோதனைகளுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த முன்வடிவங்கள் கணையத்திற்குள்ளேயே விழித்துக்கொண்டால் திசு சிதைந்து அழற்சி உண்டாகிறது. பித்தப்பைக் கற்களும் மதுவும் இதற்கு முதன்மையான காரணங்கள். டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் காப்புப் புரதத்தின் மரபணுவில் உள்ள மாற்றமும் சிலருக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. தென்னிந்தியாவில் மது அருந்தாத இளைஞரிடமும் கணையக் கற்களுடன் கூடிய நாட்பட்ட அழற்சி காணப்படுவதால், இந்நோய் கண்டவரெல்லாம் குடித்தவர் என்று எண்ணுவது தவறு. அந்தப் பழிக்கு அஞ்சி ஒருவரும் மருத்துவத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் கடும் வலியும் வாந்தியும் இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். நொதிக் காப்சூல் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதனை உணவுடன் விழுங்க வேண்டும். உள்ளிருக்கும் மணிகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. வயிற்று அமிலத்திலிருந்து நொதியைக் காக்கும் மேற்பூச்சு அதனால் கெட்டுவிடும். இம்மருந்துகள் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவன. சமயம் அல்லது உணவு நெறி காரணமாகத் தயக்கம் இருப்பின், மருந்தை நீங்களே நிறுத்திவிடாமல் எங்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். உங்கள் தயக்கத்தை மதித்து, உங்களுடன் கலந்தே அடுத்த வழியை முடிவுசெய்வோம்.