ஊரில் இருக்கும் வயதிலேயே ஓட்டு

ஜூன், ஜூலை மாதங்களில் தூத்துக்குடி மாவட்டத்து வாஞ்சி மணியாச்சி ஜங்ஷனில் நின்றால், கரிசல் ஊர்களின் பிள்ளைகள் கிளம்பிப் போவதைக் கண்ணாரப் பார்க்கலாம். தோளில் பை, கையில் புது பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டித் திணித்த தலையணை, அதன்மேல் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். வாளியைப் பார்த்தாலே ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை என்று தெரிந்துவிடும். சிலர் தூத்துக்குடி வண்டிக்கு நிற்கிறார்கள், சிலர் திருநெல்வேலி வண்டிக்கு, இன்னும் சிலர் கோவில்பட்டி வழியாக வடக்கே போகும் வண்டிக்கு. படிக்கப் போகாதவர்களுக்குத் திருப்பூர் இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிற வீடுகளில், ஒரு பிள்ளையாவது வெளியூரில் சம்பாதித்தால்தான் வருஷம் ஓடும்.

இவர்களுக்கு வயது பதினேழரை, பதினெட்டு. வாக்காளர் அட்டை கைக்கு வருகிற நேரமும் ஊரைவிட்டுப் போகிற நேரமும் ஒன்றாக இருக்கின்றன. குடம் சுமந்தும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்தும் அந்த ஊரை அவர்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஊர் நிர்வாகத்தில் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை. இடம் கிடைக்கும்போது அவர்கள் ஊரில் இல்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைக்கலாமா என்ற கேள்வியை நான் இந்த பிளாட்பாரத்தில் நின்றுதான் யோசிக்கிறேன். குறைக்கலாம், குறைக்க வேண்டும் என்பது என் கருத்து. அது எப்படி முடியும், எங்கே இடிக்கும் என்பதைப் பார்ப்போம்.

சட்டம் எங்கே இருக்கிறது?

பதினெட்டு வயது என்பது அரசியலமைப்பிலேயே இருக்கிறதே, அதை எப்படி மாற்ற முடியும் என்று பலரும் கேட்கிறார்கள். அரசியலமைப்பின் 326-வது பிரிவு மக்களவைக்கும் மாநிலச் சட்டப்பேரவைகளுக்கும் நடக்கிற தேர்தல்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஊராட்சிகளுக்கான ஒன்பதாம் பகுதி, 73-வது திருத்தத்தின் மூலம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் போட்டியிடுகிறவருக்கு 21 வயது ஆகியிருந்தால் போதும் என்று இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவரின் வயது பற்றி ஒரு வரியும் இல்லை. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம்.

பிறகு எப்படிப் பதினெட்டு வந்தது? சட்டப்பேரவைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்துத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலோடு வயதும் சேர்ந்து வந்துவிட்டது. ஆகவே, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேட வேண்டியதில்லை, தமிழ்நாடு சட்டப்பேரவை தன் சட்டத்தைத் திருத்தினால் போதும் என்பது என் வாசிப்பு. இதை எதிர்த்து வழக்கு வந்தால் நீதிமன்றம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

இப்படி உள்ளாட்சியில் தொடங்கி மேலே போவது நமக்குப் புதிதும் இல்லை. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த 61-வது திருத்த மசோதாவை ராஜீவ் காந்தி அரசு 1988 டிசம்பரில் நிறைவேற்றியது. அந்த மசோதாவோடு வைத்த விளக்கக் குறிப்பில் ஒரு காரணம் இருக்கிறது: சில மாநில அரசுகள் உள்ளாட்சித் தேர்தல்களில் ஏற்கெனவே 18 வயதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது. அதாவது ஊரில் செய்து பார்த்தார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, அதன்பிறகு நாடு முழுக்கச் செய்தார்கள். திருத்தம் 1989 மார்ச் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த சட்டப்பேரவைத் தேர்தலில் இருபது வயதுக்காரர் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றார். நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது பதினெட்டு வயதுக்காரரும் விரலில் மை வைத்துக்கொண்டார். பத்து மாதத்தில் பிள்ளைகளுக்கு அறிவு வளர்ந்துவிடவில்லை. சட்டம்தான் நகர்ந்தது. பக்கத்தில் இலங்கை 1959-லேயே பதினெட்டுக்கு வந்துவிட்டது.

மலேசியாவின் கதை நம் வீட்டுக் கதை மாதிரி. அங்கே 21-லிருந்து 18-ஆகக் குறைக்கக் கோரிய 'உண்டி 18' இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் தர்ம பிள்ளை. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால் நடைமுறைக்கு வராமல் தள்ளிக்கொண்டே போனது. இளைஞர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் செய்தாக வேண்டும் என்று 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, டிசம்பர் 15 அன்று அமலானது. சட்டம் தாளில் இருப்பது வேறு, ஓட்டு கையில் இருப்பது வேறு. இதை நம் ஊருக்கு வரும்போது மறுபடி பேச வேண்டியிருக்கும்.

பதினாறு என்பதைப் பல நாடுகள் உள்ளாட்சியில்தான் முதலில் பரிசோதித்தன. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 1996-இல் தொடங்கியது. ஆஸ்திரியாவில் சில மாநிலங்கள் உள்ளாட்சியில் ஆரம்பித்து, 2007-இல் எல்லாத் தேர்தலுக்கும் பதினாறு என்றானது. மால்டா 2015-இல் உள்ளாட்சி, 2018-இல் பொதுத்தேர்தல் என்று இரண்டு படியாக ஏறியது. எஸ்டோனியாவில் 2017 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து பதினாறு வயதினர் வாக்களிக்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அவர்கள் உள்ளாட்சிக்கும் தங்கள் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஆஸ்திரியாவில் ஆய்வாளர்கள் கண்ட ஒன்று மணியாச்சிக்கு அப்படியே பொருந்தும். பதினாறு, பதினேழு வயதில் முதல் ஓட்டுப் போடுகிறவர்கள், பதினெட்டு முதல் இருபது வயதுக்குள் முதல் ஓட்டுப் போடுகிறவர்களைவிட அதிகமாக வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள். காரணம் எளிது. பதினாறில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அம்மா கூட்டிக்கொண்டு போகிறாள். பத்தொன்பதில் வேறு ஊர், வாடகை அறை, லீவு கிடையாது. முதல் ஓட்டைத் தவறவிட்டவருக்கு அடுத்ததையும் தவறவிடுவது சுலபம்.

ஒரு கிராம சபை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் குடியரசு நாள் கிராம சபைக்குப் போயிருந்தேன். தை மாதம், தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கையெழுத்துப் போட ஒரு நீளமான நோட்டு. வரவு செலவு வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். பதினோராம் வகுப்பு என்று பிறகு சொன்னாள்.

"சார், ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர ஏழு மணி ஆயிருது. பஸ் ஸ்டாப்புல இருந்து ஊருக்குள்ள வர்ற பாதையில மூணு லைட்டு எரிய மாட்டேங்கு. எப்ப சார் போடுவீய?"

முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, வாஞ்சையாகத்தான் கேட்டார்: "ஒனக்கு இன்னும் ஓட்டே வரலையே தாயி. அப்பாவைப் பேசச் சொல்லு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா அன்று தீப்பெட்டிக் கம்பெனியில் வேலையில் இருந்தார்.

பெரியவர் சட்டப்படி சொன்னதில் பிழை இல்லை. அரசியலமைப்பு சொல்லும் கிராம சபை என்பது, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களைக் கொண்ட அமைப்பு. ஓட்டு இல்லையென்றால் சபையிலும் உறுப்பினர் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டிய சபை அது. ஆறிலும் அவள் பார்வையாளர்தான். அவள் கேட்டதோ ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் ஒன்று. தெருவிளக்கு, குடிநீர், ஊர்ச் சாலை, வடிகால், சுகாதாரம், சுடுகாடு இவைதான் ஊராட்சியின் வேலை. இதில் எதைப் புரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருஷம் அவள் காத்திருக்க வேண்டும்? நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் திறன் பதினாறு வயதுக்குள் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது, ஆத்திரத்திலும் நண்பர்கள் கூட்டத்திலும் எடுக்கும் முடிவில்தான் பக்குவம் தாமதமாகிறது என்று அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் எழுதியிருக்கிறார். ஓட்டு முதல் வகையைச் சேர்ந்தது. நினைத்துப் பார்க்க நாள் இருக்கிறது, பொத்தானைத் தனியாக நின்றுதான் அழுத்த வேண்டும்.

நம் சட்டமே பதினாறைப் பல இடத்தில் வேறு கண்ணால் பார்க்கிறது. 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு அந்த வயதில் லைசென்ஸ் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, பதினாறு முடிந்தவர் மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால் பெரியவரைப் போல விசாரிக்க வழி இருக்கிறது. தண்டனைக்குப் பெரியவன், ஓட்டுக்குச் சின்னவன் என்பது எனக்கு ஒட்டவில்லை.

இடிக்கிற இடம்

எதிர்த்துச் சொல்கிறவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அது நம் தென்மாவட்டத்து வாதம். வியன்னாவின் ஆய்வில் அதற்குப் பதில் கிடைக்காது. இங்கே உள்ளாட்சித் தேர்தல் என்றால் பாதி சாதிக் கணக்கு. தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவியை 1996-லிருந்து பத்து ஆண்டுகள் நிரப்ப விடாமல் வைத்திருந்தன. 2006-இல்தான் முறையாக நடந்தது. அந்தப் போட்டியைப் பதினோராம் வகுப்பறைக்குள் கொண்டுபோகலாமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிறுகளை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கலங்கும்.

ஆனாலும் இந்த வாதம் என் கருத்தை மாற்றவில்லை. சாதி வகுப்பறைக்குள் ஓட்டுப்பெட்டி வழியாக வந்ததில்லை. ஓட்டே இல்லாத பிள்ளைகளிடம்தான் அரிவாள் போனது. ஊர்ப் பெரியவர்கள் பேசுகிற அரசியல் ஒன்றை மட்டும்தான் அவர்கள் பார்த்து வளர்கிறார்கள். ரகசிய வாக்கு என்பது அப்பாவுக்கும் சாதிச் சங்கத்துக்கும் தெரியாமல் ஒரு பிள்ளை எடுக்கக்கூடிய முதல் முடிவாக இருக்கும். அதற்குப் பள்ளிக்குள் பிரசாரம் கூடாது, மாணவர்களைக் கொடி பிடிக்க வைக்கக் கூடாது, மீறினால் வேட்பாளரின் தகுதி போகும் என்ற வேலி கட்டாயம் வேண்டும். ஓட்டுக்குப் பணம் தருவார்களே என்கிறார்கள். தருவார்கள். நாற்பது வயதுக்காரருக்கும் தருகிறார்கள். அதற்காக அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதில்லை.

அரசியல் இவர்களுக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. இதே தூத்துக்குடி மாவட்டத்தில், 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களில், அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஒரு மாணவியும் இருந்தார்.

முதலில் தேர்தல்

இவ்வளவு சொன்னபிறகு, என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த ஊராட்சித் தேர்தலை முடிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1996-இல். 2016 அக்டோபரில் நடக்கவிருந்தது ரத்தாகி, தூத்துக்குடி உட்பட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அதற்குள் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 பொங்கலுக்குப் பதினெட்டு முடிந்த ஒரு மணியாச்சிப் பையனுக்கு 2025 பொங்கலில் 23 வயது. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் ஓட்டுப் போட்டிருப்பான். தன் ஊராட்சித் தலைவருக்கு ஒருமுறைகூடப் போட்டதில்லை. சட்டத்தில் அவனுக்குப் பதினெட்டு, நடைமுறையில் இருபத்து மூன்றுக்கும் மேல். தேர்தலை உரிய நாளில் நடத்தாமல் வயதை மட்டும் குறைத்தால், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் இதே கதிதான்.

நடைமுறை வேலை மலைப்பாகத் தோன்றலாம். உண்மையில் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2022-இல் அறிவித்துவிட்டது. தகுதி நாளும் ஜனவரி 1 மட்டும் என்றிருந்தது மாறி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்து நான்காகிவிட்டன. உள்ளாட்சிக்கென்று தனி வாக்காளர் பட்டியலைக் கேரளத்தின் மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் கல்வித் துறையின் எமிஸ் எண் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே வயதுக்கு அத்தாட்சி.

வயதைத் திருத்த மனம் வராவிட்டாலும், சட்டப்பேரவை கிராம சபையிலிருந்து ஆரம்பிக்கலாம். பதினாறு முடிந்தவர்களுக்கு அங்கே பேசவும் தீர்மானத்தில் கைதூக்கவும் உரிமை என்று ஒரு திருத்தம். கர்நாடகத்தில் மக்கள கிராம சபை என்று பிள்ளைகளுக்காகவே தனியாகக் கூட்டுகிறார்கள். எனக்கு அது போதாது. பெரியவர்கள் உட்காரும் அதே வேப்பமரத்தடியில், அதே நீளமான நோட்டில், அவர்கள் பெயரும் ஏற வேண்டும்.