பெருநாழிக் கல்லும் முனைவாக்கிய ஒளியும்

1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் நண்பகலில், அன்றைய மதுரை மாவட்டத்தில் வானம் அதிர இரண்டு கற்கள் வந்து விழுந்தன. ஒன்று ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ளது. மற்றொன்று 17 கிலோ இருக்கும். உலக விண்கற்பட்டியலில் இதன் பெயர் ‘பர்னல்லி’. பட்டியல் குறிக்கும் இடத்தைப் பார்த்தால், கமுதியை அடுத்த பெருநாழி என்னும் ஊர்ப்பெயரே ஆங்கிலேயர் வாயில் இப்படிச் சிதைந்தது போலும். பெரிய கல் இலண்டன் அரும்பொருளகம் சேர்ந்தது. அங்கே கனிப்பொருட் பிரிவின் காப்பாளராக இருந்த நெவில் ஸ்டோரி மாஸ்கெலின், விண்கற்களை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்காடியில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். அவர் ஆராய்ந்தவற்றுள் இத் தமிழ்நாட்டுக் கல்லும் ஒன்று.

வெளித்தோற்றத்தை வைத்து விண்கல்லை முடிவு செய்வது அரிது. ஜொகூரின் செம்மண் மேட்டில் கிடைக்கும் துருக்கல்லையும், உலைக்களத்துக் கசடையும் விண்கல் என்று நம்பி ஏமாந்து போவோர் உண்டு. உண்மையான விண்கல்லோ, இந்த வெப்பத்திலும் மழையிலும் உள்ளிருக்கும் இரும்பு துருவேறி, விரைவில் உருக்குலையும். ஐயத்தைத் தீர்ப்பது உட்புறமே.

கல்லின் சிறு சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அது தலைமயிரின் கனத்தில் பாதிகூட இராது. அப்போது கருங்கல்லும் ஒளியை உள்ளே விடும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே எண்ணெயோ சாராயமோ விடுவது வழக்கம். பொழுதுபோக்காக இதில் இறங்குவோர் பெரும்பாலும் தேய்த்த தகட்டை விலைக்கே வாங்கிவிடுகிறார்கள். அது தவறன்று, நல்ல தகடு தேய்க்கக் கை பழக நாளாகும். பள்ளி நுண்ணோக்காடியும், முனைவாக்கும் படலத்துண்டுகள் இரண்டும் இருந்தால் மற்றது நடக்கும்.

ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்து வருவது. கீழே வைத்த படலம் ஒரு திசை அதிர்வை மட்டும் விடுகிறது. மேலே குறுக்காக வைத்த படலம் அதையும் மறிக்கிறது. பார்வைப்புலம் இருள்கிறது. இடையே கல் தகட்டை நுழைத்ததும் இருள் கலைகிறது! படிகம் ஒளியை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு வேகத்தில் செலுத்துவதால், இரண்டும் மீண்டும் சேரும்போது சில நிறங்கள் மறைந்து சில நிறங்கள் மிகுகின்றன. ஒலிவீன் என்னும் கனிப்பொருள் நீலமும் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒளிரும். பைராக்சீனிற் பெரும்பகுதி சாம்பலும் மங்கிய மஞ்சளும் காட்டும். இரும்பு மட்டும் எப்படித் திருப்பினும் கறுப்பே.

பர்னல்லியில் கண்ணைக் கவர்வன ‘காண்டிரியூல்’ எனப்படும் குறுமணிகள். அவை வெளியில் உருகித் துளியாகிக் குளிர்ந்தவை. வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. உருகிய மழைத்துளிகளுக்கு இவற்றை 1877இல் ஒப்பிட்டார் சார்பி என்ற ஆங்கில அறிஞர். சில மணிகளில் ஒலிவீன் கம்பிகள் சன்னற் கம்பிபோல் வரிசையாய் நிற்கும். தனித்தனியாகத் தோன்றினும், தகட்டைத் திருப்பினால் எல்லாக் கம்பிகளும் ஒருங்கே இருண்டு ஒருங்கே ஒளிரும். முழுச் சுற்றுக்கு நான்கு முறை. அத்தனையும் ஒரே படிகம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பர்னல்லி பின்னர் அதிகம் வெந்ததில்லை. ஆதலால் மணிகளின் விளிம்பு தெளிவு. 1886இல் விழுந்த நம்மியந்தல் கல் தன் தாய்க்கோளுக்குள் மேலும் வெந்தது. அதில் விளிம்புகள் மங்கிவிட்டன.

இருளும் சில வேளை செய்தி சொல்லும். 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லில், படிகமாக இருக்க வேண்டிய ஒரு பொருள் எப்பக்கம் திருப்பியும் ஒளிரவில்லை. கட்டமைப்புக் குலைந்து கண்ணாடித்தன்மை பெற்ற அப்பொருளுக்கு, 1872இல் செர்மாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் மாஸ்கெலினின் பெயரையே சூட்டி ‘மாஸ்கெலினைட்’ என்றார். பெருமோதலின் அதிர்ச்சியே அதற்குக் காரணம் என்பதும், அக்கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்பதும் அடுத்த நூற்றாண்டில்தான் தெளிவாயின.

மலாயாத் தீபகற்பத்தின் ஈயச் சுரங்கங்களில் கிடைத்துள்ள டெக்டைட்டுகளும் இவ்வாறே முழு இருளாய் நிற்கும். அவை கண்ணாடி, ஆனால் விண்கல் அல்ல. ஏறத்தாழ 7,90,000 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு மோதலில் உருகித் தெறித்த நம் நிலவுலகின் மண்ணே அது.